பில்டர் மாட்டிய இடம்

திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டு ஷெட் ஒன்றில், ஒரு பழைய வெள்ளை அம்பாசிடருக்கு அடியில் பச்சமுத்து இரண்டு நாளாக மல்லாந்து கிடந்தார். ரிப்பேர் எதுவும் பார்க்கவில்லை. இடம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயில் பில்டரை மாட்ட ஓர் இடம்.

இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, பில்டர் இன்ஜினோடுதானே இருக்கும் என்று கேட்கலாம். இருக்கும்தான். ஆனால் அந்த வண்டியில் எதுவுமே அதனதன் இடத்தில் இல்லை. பாடி அம்பாசிடர். உள்ளே உட்கார்ந்திருந்தது, உடைக்கப் போட்ட ஒரு வேனின் டீசல் இன்ஜின். அதை இறக்கிப் பொருத்தி, ஸ்டார்ட் செய்து பார்த்து, ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாம் சந்தோஷப்பட்ட பிறகுதான் தெரிந்தது, பில்டர் வரவேண்டிய இடத்தில் ஸ்டீயரிங் பாக்ஸ் நிற்கிறது என்று. கல்யாணம் எல்லாம் முடிந்த பிறகு மாப்பிள்ளைக்கு வீட்டில் படுக்க இடமில்லை என்ற கதைதான்.

வழி ஒன்றுதான். பில்டரைத் தனியாக வேறோர் இடத்தில் மாட்டி, இரண்டு ரப்பர் ஹோஸ் போட்டு இன்ஜினோடு சேர்க்க வேண்டும். ஒரு ஹோஸில் எண்ணெய் போகும். பில்டரில் சுத்தமாகி இன்னொரு ஹோஸில் திரும்பி வரும். எங்கே மாட்டுவது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு வியாழக்கிழமைக்குள் பதில் வேண்டும். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் மனைவி கிளியம்மாள் விழுப்புரத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில், டயாலிசிஸ் மெஷின் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். திங்கள் ஒரு தடவை, வியாழன் ஒரு தடவை. ஐந்து வருஷமாக அந்தக் குடும்பத்துக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் உண்டு. மற்ற ஐந்து நாளும் அந்த இரண்டுக்காகக் காத்திருப்பதுதான்.

பச்சமுத்து பிறந்தது மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் குப்பம். அப்பா வலை பிடித்தார். இவருக்கு வலையைவிட இன்ஜின் பிடித்தது. பைபர் படகுகளுக்கு மோட்டார் வந்த காலத்திலிருந்து அந்தக் கரையில் எந்த இன்ஜின் இருமினாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கு இவர் சொல்லி அனுப்புவது ஒன்றே ஒன்றுதான். "எதுனா ஒண்ணு வித்தியாசமா தெரிஞ்சா மொதல்ல இன்ஜின அணைச்சிடு. மீனு போனா போவுது, வலை போனா போவுது. இன்ஜின் இருந்தாதான்டா நீ கரைக்கு வருவ." அதைக் கேட்டு நடந்து கரைக்கு வந்தவர்கள் பல பேர். கேட்காமல் இரண்டு நாள் கடலில் மிதந்தவர்களும் உண்டு. அவருக்கு அது ஒரு சட்டமாகவே ஆகிப்போனது.

பிள்ளைகுட்டி இல்லை. அவரும் அவளும்தான். கிளியம்மாளுக்குக் கால் வீங்கி, முகம் வீங்கி, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று சொன்ன பிறகு, குப்பத்து வீட்டைப் பூட்டிவிட்டுத் திண்டிவனத்துக்கு வாடகைக்கு வந்தார்கள். சித்தார்த்தன் ஷெட்டில் வேலை கிடைத்தது. சித்தார்த்தன் இவரைவிட இருபது வயது சின்னவன், ஆனாலும் முதலாளி. முதலாளி தொழிலாளியை அண்ணா என்று கூப்பிடுகிற ஷெட் அது ஒன்றுதான்.

முதலில் பஸ்ஸில்தான் போய் வந்தார்கள். மெஷினிலிருந்து எடுத்த பிறகு பிழிந்துபோட்ட துணியாக வருபவளை நிற்கவைத்து, கம்பியைப் பிடிக்கவைத்துக் கூட்டி வருவது என்பது யாருக்கும் வரக்கூடாத பாடு. ஒரு நாள் அவள் பஸ்ஸிலேயே வாந்தி எடுத்தாள். பக்கத்து சீட்டுக்காரன் திட்டினான். அன்றைக்கு முடிவு செய்தார். கால் நீட்டிப் படுக்கிற மாதிரி பின்சீட் உள்ள வண்டி அம்பாசிடரை விட்டால் வேறு ஏது? தேடிப் பிடித்து வாங்கினார். வாங்கி மூன்று வருஷம் ஓடிய பிறகு அதன் இன்ஜின் மண்டையைப் போட்டது. அப்படித்தான் வேன் இன்ஜின் வந்தது, பில்டர் தகராறும் வந்தது.

கிளியம்மாள் ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் அவ்வப்போது வந்து உட்காருவாள்.

"இன்னாங்க, இன்னும் எடம் கெடைக்கலியா?"

"இரு, பாத்துக்கினு இருக்கேன்."

"என் கையில டியூப் போடறதுக்கு நரம்பு தேடுனாரே, அந்த டாக்டரு கூட இவ்ளோ நேரம் பாக்கல." தன் இடது கையில் புடைத்து நிற்கும் நரம்பைத் தடவிக்கொண்டாள். "எனக்கும் ரத்தம் வெளிய போயி சுத்தமாயிதான் வருது. உங்க வண்டிக்கும் அதே வியாதியா?"

வண்டிக்கு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. சிரித்துச் சிரித்துப் புரையேறி, தலையை ஆக்சிலில் இடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

பார்த்த இடங்கள் மூன்று. ஒன்று, கீழே சேஸிஸ் ஓரம். ஹோஸ் சின்னதாகப் போதும். ஆனால் ஸ்பீடு பிரேக்கர் தட்டும், கல் அடிக்கும், மழைத் தண்ணீரில் முங்கும். உப்புக்காற்றில் இரும்பு எப்படித் துருப்பிடித்துப் போகும் என்று பார்த்தே வளர்ந்த மனுஷர், தண்ணீர் படுகிற இடத்தை முதலிலேயே தள்ளிவிட்டார். இரண்டாவது, இன்ஜினுக்குப் பின்னால் பேட்டரி உட்கார்ந்திருக்கும் உள்பக்கச் சுவர். சித்தார்த்தனுக்கு அந்த இடத்தின் மேல்தான் கண்.

"பேட்டரிய தூக்கி டிக்கில வெச்சிடலாம்ண்ணா. பில்டரு உள்ள பத்தரமா இருக்கும். எவன் கையும் போவாது."

"டிக்கி வரைக்கும் கேபிள் இழுக்கணும், பெட்டி அடிக்கணும். ரெண்டு நாளாவும்பா. நாளான்னிக்கி வியாழன்."

மூன்றாவது, முன்பக்கம் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டர் ஓரம். உயரமான இடம், காற்று வாங்கும், எண்ணெய் சூடாகாது, கையை விட்டு ஒரே நிமிஷத்தில் பில்டரைக் கழற்றலாம். ஹோஸ்தான் கொஞ்சம் நீளம். அரை நாள் வேலை.

"முன்னாடி வேணாம்ண்ணா," என்றான் சித்தார்த்தன். "எவனாச்சும் இடிச்சான்னா மொதல்ல ஒடையறது அதான். பேஜாராயிடும்."

"நான் யாரப்பா இடிக்கப் போறேன்? அறுபதுக்கு மேல ஓட்டுனா இவ திட்டறா. இப்பத்திக்கி முன்னாடி வெக்கறேன். அடுத்த வாரம் நேரம் ஒழிஞ்சப்ப உள்ள மாத்திக்கலாம்."

படகு இன்ஜினுக்குப் போடுகிற தடித்த ரப்பர் ஹோஸைக் குப்பத்திலிருந்து வரவழைத்தார். இரும்பு ஆங்கிள் அடித்து, பழைய டயரில் ரப்பர் வெட்டி அடியில் வைத்து, புதன்கிழமை சாயங்காலத்துக்குள் மாட்டி முடித்தார். வியாழன் காலை ஆறே முக்காலுக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். வண்டி கப்பலாக ஓடியது. நன்றாக ஓடுகிற வண்டியை யார் பிரிப்பார்கள்? அடுத்த வாரம் என்பது அடுத்த மாதம் ஆனது, பிறகு மறந்தே போனது.

ஆயுத பூஜை வந்தது. வண்டியைக் கழுவி, நாலு பக்கமும் சந்தனம் குங்குமம் வைத்து, முன்பக்கம் இரண்டு வாழைக்கன்று கட்ட வேண்டும் என்றாள் கிளியம்மாள். "நம்ம உசுர தூக்கிக்கினு போவுற வண்டி. அதுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறோம்?" அவள் கன்றைப் பிடித்துக்கொள்ள, அவர் கிரில் கம்பிக்குள் கையை விட்டுக் கட்டினார். ஊரில் மற்றவர்கள் சணலில் கட்டுவார்கள், நாலு தெரு சுற்றுவதற்குள் கன்று ரோட்டில் கிடக்கும். இவர் கட்டியது வலை பின்னுகிற கறுப்பு நைலான் கயிறு. போட்டது குப்பத்து முடிச்சு. அலை அடித்தாலும் நழுவாத முடிச்சு அது. கயிறு உள்ளே எதைச் சுற்றி வந்தது என்று கண்ணால் பார்க்க முடியாது, கைதான் பார்க்க வேண்டும். கை ஏதோ ஒன்று உறுதியாக இருக்கிறது என்றது, இழுத்து இறுக்கினார்.

மறுநாள் கன்றுகளை எடுக்கும்போது முடிச்சு உள்ளே போய் மாட்டிக்கொண்டிருந்தது. கத்தியை வைத்து வெளியே தெரிந்த கயிற்றை மட்டும் அறுத்தார். உள்ளே ஒரு வளையம் தங்கிவிட்டது. ஹோஸைச் சுற்றி, அதைக் கிரில்லின் தகட்டு விளிம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம். கறுப்பு ஹோஸில் கறுப்புக் கயிறு. வண்டி ஓடும் ஒவ்வொரு நொடியும் இன்ஜின் அதிர, ஹோஸ் அந்த விளிம்பில் தேய்ந்துகொண்டே இருந்தது. தினம் காலையில் எண்ணெய் அளவு பார்க்கும் மனுஷர் அவர். அளவு சரியாகவே இருந்தது.

தீபாவளி அந்த வருஷம் திங்கட்கிழமை வந்தது. அன்றைக்கு வருகிறவர்கள் செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் முன்னாடியே சொல்லிவிட்டார்கள். வியாழனிலிருந்து செவ்வாய்வரை ஐந்து நாள். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீருக்கு மேல் கிடையாது என்பது அவள் கணக்கு. அவர்தான் அளந்து கொடுப்பார். அந்த ஐந்து நாள் இன்னும் குறைத்தே கொடுத்தார். இருந்தும் ஞாயிற்றுக்கிழமையே கால் வீங்கிவிட்டது. தீபாவளியன்று ஒரு வாய் அதிரசத்தைப் பிட்டுப் போட்டுக்கொண்டு, புதுப் புடவையை மடிப்புக் கலையாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது.

"இன்னிக்கே போய் பாத்துட்லாமா?" என்று கேட்டார்.

"ஒரு நாளுதானங்க. நல்ல நாளும் அதுவுமா ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிக்கணுமா? காலைல போய்க்கலாம்."

செவ்வாய் விடியும்போது மழை. ஐந்தரைக்கெல்லாம் கிளம்பினார்கள். வழக்கமாகப் பின்சீட்டில் படுத்து வருபவள் அன்றைக்கு முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு வாங்கினாள். மயிலம் கூட்ரோடு தாண்டியது, டோல்கேட் தாண்டியது, விக்கிரவாண்டியும் தாண்டியது. "ஆச்சி, வந்துட்டோம்" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். தூரத்தில் ஆஸ்பத்திரியின் விளக்குகள் மழைக்குள் மங்கலாகத் தெரிந்தன.

சிவப்பு லைட் எரிந்தது அப்போதுதான். ஆயில் லைட்.

அவர் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் வேறு கதை. கண் பார்த்தது, கை இன்ஜினை அணைத்தது. முப்பது வருஷப் பழக்கம். வண்டி சத்தமில்லாமல் உருண்டு ஓரத்தில் போய் நின்றது. பானெட்டைத் திறந்தார். முன்பக்கம் முழுக்க எண்ணெய், மழைத் தண்ணீரோடு சேர்ந்து வழிந்துகொண்டிருந்தது. கையை விட்டுத் தடவினார். ஹோஸில் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டு. அதன் மேல் நைலான் கயிறு, அவர் போட்ட முடிச்சோடு. அந்த முடிச்சைத் தடவிய விரல் அப்படியே நின்றுவிட்டது.

ஜன்னல் பக்கம் வந்தார்.

"இன்னா ஆச்சி?" என்றாள்.

"ஹோஸு கிழிஞ்சிடுச்சி. ஆயில் எல்லாம் போய்டுச்சி."

"எவ்ளோ தூரம் இருக்குது?"

"மூணு கிலோமீட்டரு. அதோ தெரியுது பாரு லைட்டு."

"அப்ப ஸ்டார்ட் பண்ணுங்க. போய்ட்லாம்." ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு வாங்கினாள்.

அவர் சாவியைப் பார்த்தார். பார்த்தார் என்பதுதான் கொடுமை. "ஆயில் இல்லாம ஸ்டார்ட் பண்ணா ஜாம் ஆயிடும் கிளி. இன்ஜின் போய்ட்டா வியாழக்கிழம உன்ன எதுல கூட்டிக்கினு வர்றது? இரு, ஏதாச்சும் வண்டிய நிறுத்தறேன்."

அவள் மறுத்துப் பேசவில்லை. புருஷன் சமைத்ததைக் குறை சொல்வாள், கட்டிய லுங்கியைக் குறை சொல்வாள், இன்ஜின் விஷயத்தில் மட்டும் அவர் சொன்னதே சொல். தலையை ஆட்டிவிட்டு டேஷ்போர்டில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். பக்கத்து வண்டி ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, அடுத்தது கிளம்பிவிட்டது என்றார்கள். ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டினார். தீபாவளி முடிந்த மறுநாள். காரெல்லாம் நூறிலும் நூற்றிருபதிலும் பறந்தன. மழையில் எண்ணெய் படிந்த சட்டையோடு கையை ஆட்டும் ஆளுக்கு யார் நிறுத்துவார்கள்? சேறு அடித்துவிட்டுப் போனார்கள். நடு ரோட்டில் நின்று கும்பிட்டார். ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனார்கள். ஒவ்வொரு வண்டி போகும்போதும் திரும்பி அவளைப் பார்த்தார். நெற்றியை எடுக்காமல் அப்படியே இருந்தாள். முதுகு மட்டும் ஏறி இறங்கியது.

அரை மணி நேரம் கழித்து, ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால், காலி மீன் பெட்டி ஏற்றிய ஒரு குட்டி லாரி நின்றது. டிரைவரும் இவருமாக அவளைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவர் தோளில் சாய்ந்துகொண்டு, "தாகமா இருக்குது" என்றாள்.

டிரைவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். பச்சமுத்து அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "கொஞ்சம் பொறு கிளி. மெஷின் போட்டுக்கினு குடிக்கலாம்." ஐந்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போன வார்த்தை.

மூன்று கிலோமீட்டரை அந்த லாரி நாலே நிமிஷத்தில் கடந்தது. ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்தார்கள், ஓடினார்கள், நெஞ்சை அழுத்தினார்கள். செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். திறக்காத தண்ணீர் பாட்டிலோடு அவர் வெளியே நின்றுகொண்டிருந்தார். கால் மணி நேரத்தில் டாக்டர் வந்து தோளைத் தொட்டார்.

கிளியம்மாளைக் குப்பத்துக்கே கொண்டுபோனார்கள். அழுவதற்கு அங்கே ஆள் இருந்தது. பச்சமுத்து அழவில்லை. வந்தவர்கள் எல்லாம் ஆறுதல் சொன்னார்கள். இந்த வியாதிக்கு ஐந்து வருஷமே பெரிசு என்றார்கள். நீ பார்த்த மாதிரி எந்தப் புருஷனும் பார்க்க மாட்டான் என்றார்கள். அதைக் கேட்டபோதெல்லாம் அவருக்கு எழுந்து கடலுக்குள் நடந்து போய்விடலாமா என்று இருந்தது. இரண்டு தடவை தண்ணீர் ஓரம்வரை போய்த் திரும்பி வந்தார். முடிச்சைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. சாவியைப் பார்த்துவிட்டுத் திருப்பாமல் விட்டதைப் பற்றியும் சொல்லவில்லை. சொன்னால் மன்னித்துவிடுவார்கள் என்று பயந்தார்.

கருமாதி முடிந்த மறுநாள் திண்டிவனத்து வீட்டைக் காலி செய்ய வந்தார். வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை, ஷெட்டுக்குப் போனார். அம்பாசிடர் கழுவித் துடைத்து நின்றது. சித்தார்த்தன் ரோட்டிலிருந்து கட்டி இழுத்து வந்து, ஊர் திரும்புகிற மனுஷருக்கு ஏதாவது ஒன்று நல்லபடியாக இருக்கட்டும் என்று ராப்பகலாக வேலை பார்த்திருந்தான். பேட்டரி டிக்கிக்குப் போயிருந்தது. பில்டர் உள்பக்கச் சுவரில், புது ஹோஸோடு, யார் கையும் படாத இடத்தில் இருந்தது.

"அடியில ஆயில் சம்ப்ப கழட்டிப் பாத்தேன்ண்ணா," என்றான். வேறு என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. "பேரிங்குல ஒரு கீறல் இல்ல. நீ சட்டுனு அணைச்சதாலதான் பொழச்சிது. வேற எவனா இருந்தா இன்ஜின சாவடிச்சிருப்பான்."

சாவியைத் திருப்பினான். ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, புகை இல்லை. பச்சமுத்து பானெட்டில் கையை ஊன்றி நின்று கேட்டார். நன்றாக ஓடியது. வாழ்நாளில் அவர் இவ்வளவு சுத்தமாக ஓடுகிற இன்ஜினைக் கேட்டதில்லை.

"சித்தார்த்தா."

"சொல்லுண்ணா."

"அன்னிக்கி அணைக்காம ஓட்டியிருந்தா, மூணு கிலோமீட்டரு போயிருக்குமா?"

சித்தார்த்தன் கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டே, தொழில் கேள்விக்குத் தொழில்காரன் சொல்கிற மாதிரி சொன்னான். "மூணா? அதெல்லாம் போயிருக்கும்ண்ணா. மெதுவா உருட்டுனா நாலு கூடப் போவும். அதுக்கப்புறம் இன்ஜின் குப்பைக்கிதான்..."

சொல்லிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். முகம் செத்துப்போனது. "அண்ணா... நான் அந்த அர்த்தத்துல..."

"இல்லப்பா," என்றார் பச்சமுத்து. "நீ சரியாதான் சொல்ற. எனக்கு அன்னிக்கே தெரியும்."